ஏற்றத்தில் முழங்கால், இறக்கத்தில் பாதம்



நிலாவெளிக்காரரான நாங்கள் மேட்டைப் பற்றிப் பேச வந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுடையது கடற்கரை மணல். ஏற்றம் வேணுமென்றால் கோணேசர் மலைக்குத்தான் போக வேணும். நீங்களோ கொழுந்துக் கூடையோடு தினமும் ஏறி இறங்குகிறவர்கள். ஆனாலும் வேகநடைப் போட்டி வேறு சங்கதி.

அதிலே எப்போதும் ஒரு பாதம் தரையில் இருக்க வேணும். முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் வெறுங்கண்ணால்தான் பார்ப்பார்கள். மூன்று நடுவர் சிவப்பு அட்டை எழுதினால் பொதுவாக வெளியேற்றம்தான்.

ஏற்றத்தில் முழங்கால் தானாக மடங்கும். இறக்கத்தில் இரண்டு பாதமும் எழும்பிவிடும். நடக்கிறவருக்கு அது தெரியாது, அதற்குத்தான் கூட்டாளி. "அக்கா, முழங்கால் மடங்குது" என்று அந்த இடத்திலேயே சொல்ல வேணும். மனம் நோகுமென்று விட்டால், போட்டியன்று நடுவர் சொல்லிவிடுவார்!

வயதாகிவிட்டதென்று தாய்மார் தயங்க வேண்டாம். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில், தமது 72ஆவது வயதில், 5000 மீற்றர் வேகநடையில் தங்கம் வென்றார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் தங்கம்தான்.

லயத்து ரோட்டிலே இரண்டு பேராகத் தொடங்குங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். கூட்டாளி பின்னால் வராமல் பக்கவாட்டில் நடக்கட்டும். முழங்கால் அங்கிருந்துதான் தெரியும்.