பிடிச்சு விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?

அடுத்த எபிசோட் பெரிய மீன் வேட்டை பற்றி என்று போன வாரம் சொன்னதும் ஒரு மெசேஜ் வந்தது. "ப்ரோ, உலகத்தோட அந்தப் பக்கம் போய், அத்தனை டாலர் கொடுத்து, நாள் பூரா வெயில்ல காஞ்சு, ஒரு மீனைப் பிடிச்சு, திரும்பக் கடல்லயே விட்டுட்டு வர்றாங்களே, அதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" நியாயமான கேள்வி. இன்றைக்குப் பேசப்போவது முழுக்க இதைத்தான்.

முதலில் இடம். பனாமா நாட்டில், கொலம்பியா எல்லையை ஒட்டி, டாரியன் என்று ஒரு காட்டுப் பகுதி இருக்கிறது. அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும் போகிற பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை விட்டுப்போகிற ஒரே இடம் அதுதான். அந்தக் காட்டின் பசிபிக் கரையில் பின்யாஸ் விரிகுடா. அங்கே டிராபிக் ஸ்டார் லாட்ஜ் என்று ஒரு இடம். லாட்ஜ்னு சொன்னதும் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி யோசிக்காதீங்க. 1960களில் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு எண்ணெய் முதலாளி மீன் பிடிக்கிறதுக்காகவே கட்டிய இடம். ரோடு கிடையாது. பனாமா சிட்டியிலிருந்து சின்ன விமானம், அப்புறம் படகு. நான் போனதில்லை. ஒரு வாரத்துக்கான கட்டணத்தைப் பார்த்துவிட்டு டேபை மூடினவன் நான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை விடாமல் படித்துக்கொண்டே இருக்கிறேன். காரணம், உள்ளே இருக்கிற இன்ஜினியரிங்.

அங்கே எல்லோரும் தேடிப்போவது கருப்பு மார்லின். முன்னால் ஈட்டி மாதிரி மூக்கு நீண்டிருக்கும் மீன். காசிமேட்டில் மயில் மீன் பார்த்திருப்பீர்கள் இல்லையா, முதுகில் பாய் விரித்த மாதிரி பெரிய துடுப்போடு? அதுக்குச் சொந்தக்காரன். ஆனால் எடையில் பல மடங்கு. ஜனவரியிலிருந்து சில மாதங்கள் வடக்கிலிருந்து அடிக்கிற காற்று பனாமா வளைகுடாவின் மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அடியிலிருந்து குளிர்ந்த, சத்தான தண்ணீர் மேலே வரும். அதைத் தேடிச் சின்ன மீன், சின்ன மீனைத் தேடிச் சூரை, சூரையைத் தேடி மார்லின். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் கிரே பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். விருந்து நடப்பது அங்கேதான்.

ஒரு வாரம் எப்படிப் போகும்? விடிகாலையில் படகு கிளம்பும். முதல் வேலை மார்லின் பிடிப்பது இல்லை, இரை பிடிப்பது. இரை என்றால் புழு இல்லை, உயிரோடு ஒரு சூரை! நம்ம வீட்டில் நாலு பேருக்குக் குழம்பு வைக்கிற அளவு மீன். சூரைக்கு ஒரு பிரச்சினை, நிற்காமல் நீந்தினால்தான் அதால் மூச்சு விட முடியும். அதனால் ஒரு குழாயில் தலைகீழாகச் செருகி, அடியிலிருந்து கடல் தண்ணீரைப் பம்ப் பண்ணி அதன் வாய்க்குள்ளே விடுவார்கள். மீன் நீந்த வேண்டாம், தண்ணீர் அதுக்குள்ளே ஓடும். இந்தக் குழாயை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

அப்புறம் சூரையின் தலையில் ஒரு நூலைக் கோத்து, தூண்டில் முள்ளை அந்த நூலில் மாட்டுவார்கள். முள் மீனுக்குள் இறங்காது, வெளியே நிற்கும். படகு மெதுவாக இழுத்துக்கொண்டே போகும், நாள் பூரா. ஒரு வாரம் முழுக்க ஒரு கருப்பு மார்லின்கூடக் கடிக்காமல் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. இதை விளம்பர வீடியோவில் காட்ட மாட்டாங்க.

கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது என் ஏரியா. ரீலில் டிராக் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடிப்படையில் அது ஒரு கிளட்ச். மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் ரீல் சுழன்று விட்டுக்கொடுக்கும். 37 கிலோ தாங்குகிற நரம்பு என்றால், டிராக்கை மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 12 கிலோவுக்கு வைப்பார்கள். எதுக்கு மீதி மூன்றில் இரண்டு பங்கைச் சும்மா விடணும்? இங்கதான் அழகு. கிளட்ச் பிடித்து வைத்திருப்பது திருகுவிசையை, அதாவது டார்க்கை. நரம்பில் வருகிற இழுவிசை, டார்க்கை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. மீன் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு ஓடும்போது ரீலில் சுற்றியிருப்பது குறைகிறது, ஆரம் சுருங்குகிறது. 6 சென்டிமீட்டர் ஆரம் 4 ஆனால், யாரும் எதையும் தொடாமலேயே 12 கிலோ 18 ஆகிவிடும். அதுக்கு மேல், அத்தனை நீள நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற எதிர்ப்பு. புதுசா போறவங்க மீன் ஓடுகிற பதற்றத்தில் டிராக்கை இன்னும் இறுக்குவார்கள். நரம்பு டப்பென்று அறுந்துவிடும். அனுபவசாலி அந்த நேரத்தில் தளர்த்துவார். ஸ்கூல் பிசிக்ஸ்தான், ஆனால் எதிர்முனையில் 200 கிலோ கோபம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் விடுவது என்கிற பேச்சே கிடையாது. 1953 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசல் என்பவர் பிடித்த கருப்பு மார்லின் 1,560 பவுண்டு, கிட்டத்தட்ட 707 கிலோ. இன்று வரைக்கும் அதுதான் உலக சாதனை. அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வாலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மீன், பக்கத்தில் சிரிக்கிற மனிதர். எடை சாதனை வேண்டும் என்றால் கரையில்தான் எடை போட வேண்டும், ஆடுகிற படகில் போட்ட எடை செல்லாது. அப்படியென்றால் மார்லின் செத்தாக வேண்டும். இன்னொரு விஷயம், கருப்பு மார்லினில் ஆண் 200 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். சாதனை அளவு மீன் எல்லாமே பெண். நிறைய முட்டை போடக்கூடிய பெரிய தாய் மீனாகப் பார்த்துக் கொல்கிறதுக்குத்தான் அந்தக் காலத்தில் கோப்பை கொடுத்திருக்காங்க.

இப்போது பின்யாஸ் மாதிரி இடங்களில் மார்லினை விட்டுவிடுவதுதான் நடைமுறை. சுவரில் மாட்ட வேண்டுமா? நீளம், சுற்றளவு, ஒரு போட்டோ போதும், ஃபைபர் கிளாஸில் செய்து தருவார்கள். ஆனால் நம்ம தொழிலில் தெரியும், ரிலீஸ் பண்ணியாச்சு என்பது ஒன்று, அது ஓடுதா என்பது வேறு. நீந்திப் போகிற மீன் பிழைக்கிறதா?

இதைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மீனின் முதுகில் ஒரு சின்னக் கருவியைக் குத்திவிடுவார்கள். ஆழம், வெப்பம், வெளிச்சம் எல்லாம் பதிவாகும். சில நாளில் தானாகக் கழன்று மேலே மிதந்து வந்து, சாட்டிலைட்டுக்குத் தரவை அனுப்பும். உயிரோடு இருக்கிற மீன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். செத்தது நேராகக் கீழே போகும். அட்லாண்டிக்கில் வெள்ளை மார்லினை வைத்து இப்படி ஒரு ஆய்வு, 2005இல் வெளியானது. மொத்தம் 41 மீன். ஜே எழுத்து வடிவ சாதாரண முள்ளில் மாட்டியவற்றில் பிழைத்தது 65 சதவீதம். முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக்கில் மாட்டிய 20 மீனும் பிழைத்தன. இருபதுக்கு இருபது!

வித்தியாசம் முள்ளின் வளைவில் மட்டும். ஜே முள்ளை மீன் விழுங்கிவிட்டால் தொண்டையிலோ வயிற்றிலோ கிழிக்கும். சர்க்கிள் ஹூக் வெளியே வழுக்கி வந்து வாயின் ஓரத்தில்தான் மாட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் எடுத்துக்கொண்டு திரும்பும் வரை காத்திருந்து, மெதுவாக இறுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சினிமாவில் வெடுக்கென்று இழுக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டமாம்.

அடுத்தது நேரம். நீண்ட போராட்டத்தில் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும், களைத்துப்போகும், சுறாவுக்கு இரையாகும். அதனால் தடிமனான நரம்பு போட்டுச் சீக்கிரம் முடிப்பதுதான் மீனுக்கு நல்லது. விளையாட்டின் பெருமையோ நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. நரம்பின் வலு வாரியாகத் தனித்தனி சாதனைப் பட்டியல் உண்டு. மெல்லிசு நரம்பில் பெரிய மீன் என்றால் அதிக மரியாதை. மீனை விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் அதைக் களைக்க வைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

படகுக்குப் பக்கத்தில் வந்த பிறகு வருகிற அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு முக்கியம். மார்லினும் சூரை மாதிரிதான், செவுளில் தண்ணீர் ஓடினால்தான் மூச்சு. காலையில் பார்த்த குழாய் ஞாபகம் இருக்கா? அதே தத்துவம். படகில் வேலை செய்கிறவர் கையுறை போட்டுக்கொண்டு, குனிந்து, மீனின் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கேப்டன் படகை மெதுவாக முன்னால் நகர்த்துவார். தண்ணீர் வாய் வழியாக ஓடும். மங்கிப்போன உடம்பில் நிறம் திரும்பும். வால் அடிக்க ஆரம்பித்ததும் கையை எடுப்பார். இதுக்கெல்லாம் நடுவில் மீனைத் தூக்கிப் படகுக்குள் போட்டு போட்டோ எடுப்பவர்களும் உண்டு. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த அத்தனை எடையும் அதன் உள்ளுறுப்புகள் மேலேயே அழுத்தும்.

மார்லினை அதிகம் கொல்வது இவர்கள் இல்லை, சூரைக்காக விடுகிற நீள நரம்புக் கப்பல்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல்காரர் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை. சாப்பாட்டுக்குப் பிடிக்கிறவரிடம் நான் கணக்குக் கேட்க மாட்டேன், பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவரிடம் கேட்பேன்.

அப்போ எதுக்குப் பிடிக்கணும் ப்ரோ? மீனுக்கு இதில் எந்த லாபமும் இல்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மீன் உயிரோடு இருந்தால்தான் அடுத்த வாரம் வருமானம் என்கிற ஒரு தொழில், ரோடில்லாத கரையில் அறுபது வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. அதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன்.

உங்களில் யாராவது, பனாமாவோ அந்தமானோ, இந்த மாதிரி ட்ரிப் புக் பண்ணப்போறீங்கன்னா, ரூம்ல ஏசி இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. என்ன முள் போடுறீங்க? எவ்வளவு வலுவான நரம்பு? போட்டோவுக்கு மீனைத் தண்ணிய விட்டு வெளிய தூக்குவீங்களா? மூணாவது கேள்விக்கு "ஆமா சார், சூப்பரா எடுத்துத் தருவோம்"னு பதில் வந்தா, போனை வச்சிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். டேக் கேர்.