பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பழம், ஒரு பிடி கீரை
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அடுப்பு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுக்க மாட்டோம்.

நாங்கள் அண்மையில் யாழ்ப்பாணம் போய் வந்தோம். அங்கே 'தோட்டம்' என்றால் தேயிலை இல்லை. வெங்காயம், மிளகாய், கத்தரி, பீட்ரூட் போட்ட காணியைத்தான் தோட்டம் என்பார்கள். குடாநாட்டில் வருசம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் செம்மண்ணில் பயிர் செய்கிறார்கள். நீர்வேலிப் பக்கம் வாழை, தென்மராட்சியில் மாவும் பலாவும். காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் மூட்டை மூட்டையாக மரக்கறி. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன குறை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஆனால் விளைகிற ஊர் வேறு, சாப்பிடுகிற வயிறு வேறு. அங்கேயும் அடுத்தவர் காணியில் கூலிக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. தாங்கள் பிடுங்கிக் கட்டின மரக்கறியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காசு இல்லாத நாளில் பிள்ளைக்குப் பாணும் சம்பலும்தான். இது நமக்குப் புதுக் கதையா? நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குது. அந்த ரோட்டோரத்து லயத்தில் நம்ம பிள்ளை ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகுது.

யுத்தத்தால் அடிபட்ட வடக்கிலே 2003 முதல் உலக உணவுத் திட்டம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு உதவி வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் வெளியிலிருந்து வரும். கீரையையும் மரக்கறியையும் உள்ளூரில்தான் தேட வேண்டும். நாங்கள் போன ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஓர் அம்மா சொன்னார்: "முதல் கிழமை பீட்ரூட்டை எல்லாம் ஒதுக்கிப் போட்டுட்டுதுகள். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுறதைப் பார்த்துப் பார்த்து, இப்ப தட்டைத் துடைச்சுச் சாப்பிடுதுகள்." வீட்டில் நாம் அடித்தும் சாப்பிடாத கறியை, வரிசையில் உட்கார்ந்தால் பிள்ளை சாப்பிடும். பள்ளிக்கூடத்தில் கொடுப்பதன் பெரிய இலாபம் இதுதான்.

2024 இல் அரசாங்கம் பள்ளிச் சாப்பாட்டுத் திட்டத்தை ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரித்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமைத்துக் கொடுப்பவருக்கு ஒரு பிள்ளைக்கு இத்தனை ரூபாய் என்றுதான் கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான் விலை, முந்திய வருசத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அப்படி விலை ஏறும்போது சமைக்கிறவர் எதைக் குறைப்பார்? சோற்றைக் குறைத்தால் பிள்ளை அழும். கறியைக் குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் முதலில் போவது கீரையும் பழமும்தான்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு பழமோ ஒரு மரக்கறியோ இலவசம். மத்தியானச் சாப்பாட்டோடு கலக்காமல் தனியாகக் கொடுக்கிறார்கள். தனியாக இருப்பதால், வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். ஐரோப்பிய நாடுகளும் 2009 இல் இப்படி ஒரு பழத் திட்டத்தைத் தொடங்கின. பணக்கார நாடே பிள்ளைக்குப் பழம் கொடுக்கும்போது, நாம் கேட்பது பிச்சை ஆகுமா?

2016 இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். நம்ம பிள்ளை குட்டையாக இருப்பது நம்ம சாதியோ தலையெழுத்தோ இல்லை. கிடைக்காத சாப்பாடும் அடிக்கடி வரும் நோயும்தான் பெரிய காரணம்.

அதனால் மூன்று காரியம் சொல்கிறோம்.

ஒன்று, சாப்பிட்ட கையோடு பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் போகட்டும். அதற்குப் பதிலாக ஒரு கொய்யா, அல்லது கீரையில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. அது இரும்புச் சத்தைச் சேரவிடும்.

இரண்டு, லயத்துக்குப் பின்னால் சாண் இடம் இருந்தாலும் வல்லாரை, பொன்னாங்காணி, மரத்தக்காளி ஏதாவது வையுங்கள். மருந்தடிக்கும் தேயிலை மலையில் கீரை பிடுங்க வேண்டாம்.

மூன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு பேர் போய்விடும் என்று நினைக்காதீர்கள். முறை வைத்து வீட்டுக்கு ஒருவர் போகலாம். போய், "இந்தக் கிழமை எத்தனை நாள் கீரை? எத்தனை நாள் பழம்?" என்று தன்மையாகக் கேளுங்கள். மாசாமாசம் கேளுங்கள். கேட்கிற தாய் இருக்கிற பள்ளிக்கூடத்தில் கறியைக் குறைக்க யாரும் யோசிப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணியை இறைத்து இறைத்துப் பச்சை வளர்க்கிறார்கள். நமக்கு மழை தானாகவே பெய்யுது. அந்தப் பச்சையில் ஒரு பிடி நம்ம பிள்ளையின் தட்டுக்கும் வரட்டும்.