வெயில் காலத்தில் கோழிக்கு என்ன கொடுக்கலாம்?

(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு களைப்போட வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால நீட்டாம விஷயத்துக்கு வர்றோம்.

நுவரெலியாப் பக்கம் கோழிக்குக் குளிர்தான் தொல்லை. ஆனால் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலி மாவட்டத்துத் தாழ்நிலத் தோட்டங்களில் மாசி, பங்குனி, சித்திரை வந்தால் கதை வேறு. காலையில் நல்லா மேய்ந்த கோழி, பின்னேரம் வேலை விட்டு வரும்போது கூட்டுக்குள் விறைத்துக் கிடக்கும். "யாரோ கண் வச்சிட்டாங்க" என்று சிலபேர் சொல்வாங்க. கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை. வெயில்தான் காரணம்.

பத்துக் கோழி என்பது நம்ம வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. 2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது தீனி விலையும் ஏறிச்சு, முட்டை விலையும் ஏறிச்சு. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. அந்த நாட்களில் லயத்துப் பின்பக்கம் நாலு கோழி நின்ற வீட்டில்தான் பிள்ளைக்கு முட்டை கிடைச்சது.

வெயிலில் கோழிக்கு என்ன நடக்குது?

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வெளியே 30 பாகையைத் தாண்டினால் கஷ்டப்படத் தொடங்கும். 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை விரித்துத்தான் சூட்டை வெளியேற்றும்.

அப்படி மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியே போய்விடும். முட்டை ஓடு உருவாக அதுவும் வேணும். உடம்பின் உப்புச் சமநிலையும் குழம்பிப்போகும். தீனியும் குறையும். அதனாலதான் வெயில் காலத்தில் முட்டை சின்னதாகி, ஓடு மெல்லிசாகி, கையில் எடுத்ததும் உடையுது.

முதலில் தண்ணீரும் நிழலும்

எந்தச் சத்து மருந்தும் இதுக்குப் பிறகுதான். சாதாரண நாளில் ஒரு முட்டைக்கோழி கால் லீற்றர் அளவு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது இரண்டு மடங்காகும். தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி நிழலில் வையுங்க. தகரக் கூரைக்கு மேல் கிடுகோ மானாப் புல்லோ போடுங்க.

இங்கே நம்ம கஷ்டம் ஒன்று இருக்கு. வெயில் உச்சியில் இருக்கும்போது நாம மலையில் இருக்கோம். அதனால வேலைக்குப் போகுமுன் இரண்டு சட்டி நிறைய வைத்துவிட்டுப் போங்க. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் அல்லது வீட்டிலுள்ள பாட்டியிடம், பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைக்கும் வேலையைக் கொடுங்க. அந்த ஒரு வேலை பல கோழியைக் காப்பாற்றும்.

தீனியை விடியக்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுங்க. தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும். எனவே 10 மணிக்குப் பிறகு 4 மணி வரை தீனி வேண்டாம்.

இனி, சேர்க்க வேண்டியவை

1. அப்பச்சோடா: ஒரு கிலோ தீனிக்கு ஒரு சின்னத் தேக்கரண்டி, மட்டமாக. ஏறக்குறைய 4 கிறாம் வரும். குவித்து அள்ளக் கூடாது. நல்லாக் கலந்து கொடுங்க. பத்துக் கோழிக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தீனி என்று கணக்கு வைத்தால் சுலபம்.

2. விற்றமின் சீ: கோழி இதைத் தானே உடம்பில் உண்டாக்கும். ஆனால் கடும் சூட்டில் அது போதாது. ஒரு கிலோ தீனிக்கு 250 மில்லிகிறாம் போதும். 500 மில்லிகிறாம் குளிசையாக இருந்தால் அரைக் குளிசையைப் பொடியாக்கி, அன்றைய தீனியில் மட்டும் கலங்க. தண்ணீரில் கலந்து வைத்தால் அதன் சத்து சீக்கிரம் கெட்டுப்போகும்.

3. சுண்ணாம்புச் சத்து: கடற்சிப்பித் தூள் அல்லது வறுத்து நொறுக்கிய முட்டை ஓட்டைத் தனிச் சிரட்டையில் பின்னேரம் வையுங்க. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகும். கோழி தனக்குத் தேவையான அளவு தானே கொத்தும்.

4. உப்புச்சத்துத் தூள்: மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். பைக்கற்றில் எழுதியுள்ள அளவுக்கு மேல் போடாதீங்க. அவசரத்துக்கு அது இல்லாவிட்டால், வயிற்றோட்டத்துக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜீவனியை, பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து ஒரு நாள் வைக்கலாம். மிஞ்சினதை ஊற்றிவிடணும். இது கொடுக்கும் நாளில் அப்பச்சோடா வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: "உப்புத்தானே" என்று கறியுப்பைக் கைநிறைய அள்ளிப் போடாதீங்க. கடைத் தீனியில் ஏற்கெனவே உப்பு இருக்கு. கூடினால் கோழிக்கு நஞ்சு.

கோழி துவண்டு விழுந்தால் துரத்திப் பிடிக்காதீங்க, தீனியை வாயில் திணிக்காதீங்க. மெதுவாக நிழலுக்குக் கொண்டு போய், கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்க.

பச்சையாகக் கழிந்தாலோ, கழுத்துத் திருகினாலோ, வெயில் இல்லாத நாளிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தாலோ அது வெயில் நோயாக இருக்காது. ராணிக்கெட் போன்ற தொற்று நோயாக இருக்கலாம். செத்த கோழியைக் கறி வைக்காமல், ஓடையில் வீசாமல், உடனே அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்க. அடுத்த லயத்துக்கும் சொல்லுங்க. ஒரு வீட்டில் மறைத்தால் எல்லா வீட்டுக் கூடும் காலியாகும்.

கையில் காசு குறைவு என்றால் எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. நிழலுக்கும் தண்ணீருக்கும் காசு வேண்டாம். முட்டை ஓடு வீட்டிலேயே இருக்கு. அடுத்தது அப்பச்சோடா. மற்றவை வசதிப்படி. வருகிற பங்குனிக்கு முன்னாடியே கூரைக்குப் புல் வெட்டி வைத்துவிடுங்க.

கேள்வி இருந்தால் இப்போ கேளுங்க. தெரிந்ததைச் சொல்றோம்.