பாலைவனத்துப் பனிக்கட்டியில் ஒரு பெண்பிள்ளை

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்லை. உயர்தரம் வரையும் படிச்சுப்போட்டு வேலைக்கு இறங்கினவன். இப்ப உங்களில் பல பேரைப்போல தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மாதம் விளையாட்டுக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, தன்ர மகள் பள்ளிக்கூடத்தில் ஐஸ் ஹொக்கி பழக ஆசைப்படுகிறாள், விடலாமோ எண்டு கேட்டா. உடனே நாலு பக்கத்தாலும் சத்தம். பெண்பிள்ளைக்கு இது தேவையோ, பல்லு உடைஞ்சால் ஆர் கலியாணம் கட்டுவினம், எங்கட ஆக்களுக்கும் ஐசுக்கும் என்ன சம்பந்தம். இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னட்டை ஒரு பதில் இருக்கு எண்டு சொன்னதாலைதான் இண்டைக்கு என்னை இதில் ஏத்தி விட்டிருக்கினம்.

இந்த நாட்டுக்கு வரமுந்தி நான் சில வருடங்கள் ஷார்ஜாவில் வேலை செய்தனான். குளிரூட்டிக்குப் பூட்டுற தகரக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலை. வெளியில் ஆடி ஆவணியில் நாற்பத்தைந்து பாகை வெயில். அந்த ஊரில் ஐஸ் விளையாட்டு எண்டால் சிரிப்பீர்கள். ஆனால் டுபாயில் அல் நாசர் லெஷர்லாண்டில் 1979 இலேயே ஐஸ் தளம் திறந்திட்டினம். அடுத்த வருடமே குவைத்தில் ஒண்டு. பிறகு அபுதாபி, அல் ஐன், 2008 இல் டுபாய் மோல் எண்டு வந்திட்டுது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2001 இல் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனத்தில் சேர்ந்தது. 2009 இல் அபுதாபியில் நடந்த ஆசிய சவால் கிண்ணத்தை அவையின்ர ஆண்கள் அணி வென்றது.

அந்த ஐஸ் எப்படி நிக்குது எண்டு கொஞ்சம் சொல்ல வேணும், ஏனெண்டால் அது எங்கட தொழில். தரைக்குக் கீழே வரிசையாகக் குழாய்கள். அதுக்குள்ளாலை உறையாத ஒரு குளிர்த்திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணியை மெல்லிசாகத் தெளிச்சுத் தெளிச்சு உறைய விடுவினம். ஒரு அங்குலம், ஒண்டரை அங்குலம், அவ்வளவுதான் முழுக் கனம். ஆனால் கடற்கரை நாட்டில் பெரிய எதிரி காற்றில் இருக்கிற ஈரம். அதை இழுத்து எடுக்காவிட்டால் மண்டபம் முழுக்கப் புகார் மூடிவிடும். அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இரவுபகலாக நிக்கிறது ஆர் எண்டு நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் எங்களைப்போல வந்த வேலைக்காரர்தான். எங்கட ஆக்களுக்கும் ஐசுக்கும் சம்பந்தம் இல்லை எண்டு இனிச் சொல்லாதையுங்கோ.

இப்ப நான் சொல்ல வந்த பிள்ளையிட்டை வாறன். பெயர் பாத்திமா அல் அலி. அபுதாபிக்காரி. சின்ன வயதில் ஐஸ் ஹொக்கி பற்றின ஒரு அமெரிக்கச் சினிமாப் படத்தைப் பார்த்துத்தான் அவவுக்கு இந்த ஆசை வந்தது. ஆனால் மட்டையைக் கையில் எடுத்தது இருபது வயதைத் தாண்டினாப் பிறகு. முதலில் ஆட்டங்களைப் படம் பிடிக்கப் போனவ, பிறகு கமராவை வைச்சிட்டுத் தானே இறங்கினா. தலைக்கவசத்துக்குக் கீழே பர்தா. அதோடு நாட்டின் பெண்கள் அணி வரைக்கும் வந்தா. நடுவராகவும் நிண்டா, சின்னப் பிள்ளையளுக்கும் பழக்கினா.

2016 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் கப்பிட்டல்ஸ் அணியின் பழைய வீரர் பீட்டர் பொண்ட்ரா அபுதாபிக்குப் பயிற்சி முகாம் நடத்த வந்தார். இந்தப் பிள்ளை மட்டையால் கறுப்பு ரப்பர் வில்லைகளை உருட்டி விளையாடுறதைப் பார்த்து, வீடியோ எடுத்து வெளியிட்டார். அது உலகம் சுத்தினது. 2017 மாசியில் அந்த அணியே அவவை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டது. வீரர்களோடு பயிற்சி எடுத்தா. டெட்ரோயிட் அணியோடு நடந்த ஆட்டத்தைத் தொடக்கிவைக்க, நடுவில் நிண்டு வில்லையைப் போட்டதும் அவதான். அது எந்தக் காலம் எண்டு யோசியுங்கோ. ஏழு முஸ்லிம் நாட்டுக்காரர் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது எண்டு உத்தரவு போட்டு இரண்டு கிழமையும் ஆகேல்லை. எமிரேட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லைத்தான். ஆனாலும் பர்தாவோடு ஒரு பெண் அந்த ஐசில் நிக்க, அரங்கம் கைதட்டினது சின்ன விசயமில்லை.

அந்த நேரம் நான் ஷார்ஜாவில்தான். எங்கட முகாம் அறையில் ஆறு பேர். ஒரு கேரளத்துச் சேட்டன் கைத்தொலைபேசியில் அந்த வீடியோவைக் காட்ட, எல்லாரும் கட்டிலில் குந்தியிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தம். ஆருக்கும் விதி தெரியாது. பார்க்க நல்லாயிருந்துது.

அவவைக் கண்டுபிடிச்ச பொண்ட்ராவின்ர கதையும் எங்களுக்குத் தெரிய வேண்டினது. பிறந்தது உக்ரேனில் லுட்ஸ்க் எண்ட ஊரில், வளர்ந்தது செக்கோஸ்லோவாக்கியாவில். 1990 இல் கப்பிட்டல்ஸ் அவரை எடுக்கும்போது 156 ஆவது ஆளாகத்தான் கூப்பிட்டினம். அவ்வளவு கீழே. ஆனால் அந்த அணிக்கு 472 கோல், மொத்தமாக 503 கோல் போட்டார். 2002 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் ரஷ்யாவுக்கு எதிராகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கோல் போட்டு ஸ்லோவாக்கியாவுக்குத் தங்கம் எடுத்துக் குடுத்தார். இதே கப்பிட்டல்ஸ் அணியில்தான் 1989 இல் றொபின் பாவா எண்ட பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை, இந்திய வம்சாவளியில் முதல் ஆளாக அந்தப் பெரிய லீக்கில் இறங்கினது.

இனி ஒரு கசப்பான விசயம். பொண்ட்ராவுக்கு அது தொழில், சம்பளம், ஓய்வுகாலம். பாத்திமாவுக்கு அப்படி ஒண்டும் இல்லை. வேலை முடிஞ்சு பின்னேரம் போய் விளையாடுறது, அவ்வளவுதான். பெண்களுக்கெண்டு ஒழுங்கான சம்பளத்தோடு வட அமெரிக்காவில் லீக் தொடங்கினதே 2024 தை முதலாம் திகதி. முதல் வருடம் ஆறு அணி, குறைஞ்ச சம்பளம் 35,000 டொலர். இதுக்குப் பிறகு பிறக்கிற பிள்ளைக்குத்தான் "இதுவும் ஒரு தொழில்" எண்டு சொல்லலாம்.

மற்றது கடவுச்சீட்டு. ஐஸ் ஹொக்கியில் ஒரு நாட்டுக்கு விளையாட வேணுமெண்டால் அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேணும். வளைகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையள் எத்தனையோ பேர் இருக்கினம். அங்கை பிறந்ததாலை மட்டும் குடியுரிமை கிடையாது. அந்தப் பிள்ளை எவ்வளவு வேகமாகச் சறுக்கினாலும் நாட்டுச் சட்டை போடேலாது. கிரிக்கெட்டில் வேறை மாதிரி. மூன்று வருடம் தொடர்ந்து வசித்தால் போதும். அதாலைதான் சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் எமிரேட்ஸ் சட்டையோடு 2022 உலகக் கிண்ணத்தில், அதுவும் இலங்கைக்கு எதிராக, அடுத்தடுத்து மூன்று விக்கெட் எடுத்தது. பானுக ராஜபக்ச, அசலங்க, ஷானக. எமிரேட்ஸ் 79 ஓட்டத்தால் தோற்றது, அது வேறை கதை. எங்கட அறைச் சிநேகிதன் ஒருவன் அண்டிரவு ஷார்ஜாவிலிருந்து எனக்குப் போன் எடுத்துக் கத்தினது இன்னும் காதில் கிடக்கு. இலங்கை வெண்டதுக்கும் சந்தோசப்பட ஏலாமல், கார்த்திக் எடுத்ததுக்கும் சிரிக்காமல் இருக்க ஏலாமல், பாவம், ஒரு மாதிரியாகிவிட்டான்.

ஒரு விதி மாறினால் ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை மாறுது. நாங்கள் இங்கை பிரசாவுரிமைப் படிவத்தை நிரப்பாமல் மேசை லாச்சிக்குள் வைச்சிருக்கிறம். செலவு எண்டு சொல்லுறம், பிறகு பாப்பம் எண்டு சொல்லுறம். எங்களுக்கு அது வேலைக்குப் போகத் தேவையில்லாமல் இருக்கலாம். பிள்ளைக்குப் பதினாறு வயதில் தேவைப்படும்.

2025 ஆனியில் எமிரேட்சின் அல் ஐனில் பெண்களுக்கான ஆசியக் கிண்ணம் நடந்தது. இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் எடுத்தது. அவையில் அநேகம் பேர் லடாக் மலையிலிருந்து வந்தவை. மாரியில் உறைஞ்ச குளத்தில் சறுக்கிப் பழகின பிள்ளையள். அதுகள் பாலைவனத்துக்கு வந்து பதக்கம் எடுத்திருக்குது. இஞ்சை எங்கட வீட்டிலிருந்து நகரசபை ஐஸ் மண்டபத்துக்கு பஸ்ஸில் கால் மணித்தியாலம்.

பல்லைப் பற்றிக் கேட்ட ஐயாவுக்கும் பதில் சொல்ல வேணும். பிள்ளையளுக்கு முகத்தை முழுக்க மூடின கம்பிக்கூடு போட்ட தலைக்கவசம் கட்டாயம். பழைய காலத்து வீரர்களின்ர ஓட்டைப் பல்லுப் படங்களைப் பார்த்துப் பயப்படாதையுங்கோ. உபகரணம் விலைதான், மறைக்கேல்லை. சப்பாத்தும் கவசமும் பாவிச்சது வாங்கலாம், பிள்ளை வளர வளர மாத்தலாம். விளையாட்டுக் குழு எட்டுச் சோடி சப்பாத்து வாங்க ஒத்துக்கொண்டிருக்கு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபம் எங்களுக்குக் கிடைச்சிருக்கு. பெயர் குடுக்கிற படிவம் வாசலடியில், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. பெண்பிள்ளையளின்ர பெயருக்கு முதல் ஐந்து வரியை வெறுமையாக விட்டிருக்கிறன். கேள்வி கேட்ட அந்த அம்மாவின்ர மகள் ஏற்கெனவே முதல் வரியில் எழுதிப்போட்டாள். தாய்க்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது.