மனப் பாரமும் கைப்பேசி வழி ஆலோசனையும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி கூறுவது நம் வழக்கம். நானும் நன்றி கூறவே நிற்கிறேன். ஆனால் நான் சொல்லப் போகும் விஷயம், நம்மில் பலர் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று மூடி வைக்கும் விஷயம். பங்குத் தந்தை அவர்கள், "டீச்சர், நீங்களே சொன்னால் நாலு பேருக்குத் தைரியம் வரும்" என்று கேட்டுக்கொண்டதால் துணிந்து பேசுகிறேன்.

2021-ஆம் ஆண்டு கொரோனா நோயில் என் கணவரை இழந்தேன். அதன் பிறகு பல மாதங்கள் எனக்குச் சரியான உறக்கம் இல்லை. சமைப்பேன், சாப்பிடத் தோன்றாது. பூசைக்கு வருவேன், எழுந்தேற்ற நேரத்தில்கூட மனம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிற்கும். கையில் செபமாலை உருளும். எந்தத் தேவ இரகசியம் என்று தெரியாது. என் விசுவாசம்தான் குறைந்துவிட்டது என்று என்னையே குற்றம் சாட்டிக்கொண்டேன்.

துக்கம் நம் கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்து நம் கிள்ளை, பிச்சாவரம் கரையோரக் குப்பங்களில் செய்த அழிவை நாம் மறக்கவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல். வீடு கட்டிக் கொடுத்தார்கள், படகும் வலையும் வந்தன. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரின் மனதிற்குள் உடைந்ததை யார் கட்டுவது? "காலம் ஆற்றும்" என்றோம். சிலருக்கு ஆற்றியது. சிலர் பேச்சையே விட்டார்கள். சிலர் குடியில் விழுந்தார்கள்.

என் நிலையைக் கண்ட பேத்தி ஒருநாள், "ஆயா, இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. நீ வீட்டை விட்டு எழுந்து போகக்கூட வேண்டாம், போன்லயே பேசலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன். நாம் அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே!

தொலைவிலிருந்து துன்பத்தைக் கேட்பது நேற்று வந்த புதுமை அல்ல. 1953-இல் இலண்டன் நகரில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணம் கொண்டவர்கள் பேசுவதற்கென்று தம் கோயிலிலேயே ஒரு தொலைபேசியை வைத்தார். நம் நாட்டில், 2010-ஆம் ஆண்டு சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்திற்குள், மருத்துவர் சென்னையில். இருவரும் திரையில் பார்த்துப் பேசினார்கள். மருந்தும் பேருந்திலேயே கிடைத்தது. 2020 மார்ச்சில் மத்திய அரசு, மருத்துவர்கள் தொலைபேசி, வீடியோ வழியாக வைத்தியம் பார்ப்பதற்கு விதிமுறைகளை வெளியிட்டது.

இனி, இதைத் தொடங்குபவர் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் என்பவர் டாக்டருக்குப் படித்தவர். மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். அவரே மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார்; பேச்சின் மூலமும் பயிற்சிகளின் மூலமும் குணம் காண உதவுவார்; அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயரிலோ பலதரப்பட்ட படிப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனவே, "என்ன படித்தீர்கள்? பதிவு எண் என்ன?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே, மனதை ஒப்படைக்கும்போது பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, கட்டணம். தனியாரிடம் ஒவ்வொரு முறைக்கும் பணம் உண்டு. எவ்வளவு, முன்பணமா, ஒருநாள் வர இயலாவிட்டால் அந்தக் கட்டணம் போய்விடுமா என்பதை முதலிலேயே கேளுங்கள். இயலாதவர்களுக்குக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. கேட்டால்தானே தெரியும்?

மூன்றாவது, முதல் சந்திப்பு. பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். பெயர், வயது, இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். அது துப்பறிவதற்கல்ல, நடுவில் ஆபத்து நேர்ந்தால் உதவி அனுப்புவதற்கு. தூக்கம், சாப்பாடு, குடும்பம், குடிப்பழக்கம், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அஞ்ச வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும்.

நான் புத்திமதி கிடைக்கும் என்று போனேன். அந்த அம்மையார் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நான் அழுதேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். போனை வைத்தபின் மனம் இலேசாகவில்லை. அன்றிரவு அதிகமாக வலித்தது. புண்ணைக் கழுவும்போது எரிவதுபோல் என்று பிறகு புரிந்தது. மூன்று நான்கு வாரம் பொறுங்கள். வாரத்துக்கு வாரம் சிறு வேலைகள் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது, காலையில் வெள்ளாற்றுப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, மனதில் ஓடியதை ஒரு நோட்டில் எழுதுவது. ஆசிரியைக்கே வீட்டுப்பாடம்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் முதலில் பேசியவர் இவர் அல்லர். அந்த முதல் நபர் பத்து நிமிடத்தில், "வயதாகிவிட்டது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன். செருப்பு கடித்தால் வேறு செருப்பு பார்க்கிறோம், நடப்பதை நிறுத்திவிடுவதில்லை.

நான்காவது, இடம். நம் வீடுகளில் தனியறை ஏது? நான் கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து பேசினேன். காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டால் எதிரில் பேசுபவரின் குரல் வெளியே கேட்காது. சிக்னல் அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு என் விண்ணப்பம்: அந்த ஒரு மணி நேரம் அவரைத் தனியே விடுங்கள். மருமகள் கதவைச் சாத்திப் பேசினால் சந்தேகிக்காதீர்கள்.

ஐந்தாவது, இரகசியம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தாலோ, அவர்கள் உரியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதை முதல் நாளே விளக்கிச் சொல்பவரே நல்லவர்.

"அப்படியென்றால் பாவசங்கீர்த்தனம் எதற்கு?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பாவசங்கீர்த்தனத்தின் முத்திரைக்கு எந்த விதிவிலக்கும் இல்லை. அங்கே பாவத்துக்கு மன்னிப்பு கிடைக்கிறது. அதைத் தொலைபேசியில் செய்ய முடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002-இலேயே உரோமை தெளிவுபடுத்தியது. ஆலோசகரிடம் பாவமன்னிப்பு இல்லை. காயத்துக்குக் கட்டு உண்டு. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன. உறக்கம் திரும்பிய பிறகுதான் செபமும் திரும்பியது.

எச்சரிக்கையாகவும் இருங்கள். "பத்தே நாளில் குணம்" என்பவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவர், புகைப்படம் கேட்பவர் ஆகியோரை விட்டு விலகுங்கள்.

எல்லாவற்றுக்கும் கைப்பேசி போதாது. இல்லாத குரல் கேட்பவர், குடியை நிறுத்தியதும் உடல் நடுங்கிப் பிதற்றுபவர், உயிரை மாய்த்துக்கொள்ள முயல்பவர் ஆகியோரைத் தாமதமின்றி அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தனியாருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. எண் 14416. இரவும் பகலும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைத் திவ்விய பூசைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அன்பர்களே, மனநோய் வந்தால் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள். நாம் அன்போடு கொண்டாடும் குழந்தை தெரேசம்மாளின் தந்தை லூயி மார்ட்டின், 1889 முதல் 1892 வரை பிரான்ஸ் நாட்டில் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் இருந்தார். ஊர் ஏசியது. 2015 அக்டோபரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரையும் அவர் மனைவியையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். எலியாஸ் தீர்க்கதரிசி சாக விரும்பிச் செடியடியில் படுத்தபோது, சம்மனசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி உறங்க விட்டது.

நம் பங்கில் இன்று யாரோ ஒருவர் செடியடியில் படுத்திருக்கலாம். இந்த யூபிலி ஆண்டில் நாம் அவரைத் தட்டி எழுப்பும் கையாக இருப்போம். கூட்டம் முடிந்ததும் நான் கெபி அருகில் உட்கார்ந்திருப்பேன். யாரும் வரலாம், எதற்கென்று யாரும் கேட்க வேண்டாம். ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.