கானலில் ஒரு காவல்



அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஓர் ஆமை கரையேறுகிறது. பாடியவர் குமிழிஞாழலார் நப்பசலையார். அடும்பங்கொடி அறுபட ஊர்ந்து, மணல்மேட்டில் முட்டைகளைப் புதைத்துச் செல்கிறது தாய். குஞ்சு வெளிப்படும்வரை அவற்றைக் காப்பது ஆண் ஆமை என்கிறார் புலவர். அது கடலாமையே எனக் கொண்டால், புதைக்கும் காட்சியை அவர் கூர்ந்து நோக்கியே பாடியுள்ளார் எனலாம். காவல் மட்டும் அவர் கற்பனை. ஆண் கடலாமை முட்டையைத் தேடிக் கரைக்கு வருவதில்லை. தாயும் அவ்விரவே கடலுக்குத் திரும்பிவிடும்.

அக்காவலுக்குச் சென்னைக் கடற்கரையில் ஆள் கிடைத்தது 1988இல். அதற்கு முன்பே, 1970களில், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்தோர் இக்கரையில் இரவெல்லாம் நடந்தனர். அரசுத் துறையினரும் பின்னர்ச் சில ஆண்டுகள் பொரிப்பகம் நடத்தினர். அம்முயற்சி தளர்ந்தபோது மாணவர் சிலர் கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர்.

சனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவில் நீலாங்கரையில் தொடங்கும் நடை பெசன்ட் நகரில் முடியும். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பங்குனி ஆமையின் துடுப்புத் தடம் எங்கே முடிகிறதென நோக்கி, தடியால் மணலின் இளக்கத்தைத் தொட்டறிந்து, கையாலேயே தோண்டுவர். குழிக்கு நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். அவற்றைப் பையிலிட்டுச் சுமந்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடவடிவில் குழி அமைத்துப் புதைப்பர். சுமார் 45 நாளில் குஞ்சுகள் மணலைப் பிளந்து எழும்.

இயற்கைக் குழியைக் கலைப்பானேன் என்று கேட்கலாம். தக்க கேள்விதான். தீண்டாது விடுவதே சிறந்ததென்பதை அவ்விளைஞரும் அறிவர். ஆனால் இருட்கடலின் மேல் தோன்றும் ஒளியை நோக்கி ஊர்வது குஞ்சின் இயல்பு. நகரமோ கடலைவிட மிகுதியாக ஒளிர்கிறது. குஞ்சுகள் சாலைப்பக்கம் திரும்பி மடிகின்றன. நாய்களும் தோண்டித் தின்னும்.

கரையில் இத்தனை காவல். கடலிலோ? 2025 சனவரியில் சென்னைக் கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. மூச்சுவிட நீர்மேல் வந்தாக வேண்டிய உயிர் ஆமை. இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். வலையில் பொருத்துவதற்கென ஆமை தப்பும் பொறி உண்டு. கரையருகே இழுவைப் படகு வரலாகாது என விதியும் உண்டு. இரண்டும் ஏட்டளவில் நிற்பதே துயரம். இதற்காக மீனவரையெல்லாம் பழிப்பது முறையன்று. கரையோரம் இழுவை வலை ஓடும்போது நாட்டுப்படகினரின் வலையும் அறுபடுகிறது. அவர்தம் பிழைப்பும் குறைகிறது.

குஞ்சுகள் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து முதிரும் என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வாறு பல்லாண்டு பிழைத்து, முட்டையிட வந்த தாய்களும் அன்று மணலில் கிடந்தன. அப்பருவத்திலும் நடை நிற்கவில்லை. ஊதிய உடல்களைச் சுற்றிக்கொண்டு சென்று, அப்பால் தடம் ஏதேனும் உண்டா என இருளில் தேடியபடி நடந்தனர்.