முற்றத்தில் ஒரு மீன்தொட்டி, அருகில் ஒரு கீரைப்பாத்தி
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் முறைபற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அக்குவாபொனிக்ஸ் என்று இதனை அழைப்பர். இங்குள்ள இளைஞருட் பலர் கைத்தொலைபேசியில் இதன் படங்களைக் கண்டிருப்பீர்கள். தொட்டி தெளிந்திருக்கும், கீரை தழைத்திருக்கும். அப்படங்களில் அதிகம் தென்படாதது குழாய். நான் இன்று பெரும்பாலும் குழாயைப் பற்றியே பேசப்போகின்றேன். மீன் பிழைப்பதும் சாவதும் அதிலேயே தங்கியிருக்கின்றது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். மீன் தான் உண்ட உணவின் ஒரு பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளிவிடும். அது தேங்கினால் மீனுக்கு நஞ்சு. கல்லிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சே. இன்னொரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றோ பயிருக்கு உணவு. உருசிய விஞ்ஞானியான வினோகிராட்சுகி இப்பற்றீரியாக்களை 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். இதனை ஒரு வளர்ப்பு முறையாக ஒழுங்குபடுத்தியவர்களுள், 1980 முதல் வேர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் உழைத்த ஜேம்ஸ் றக்கோசி முக்கியமானவர். சிறு குடும்பங்களுக்கேற்ற விரிவான கைந்நூலொன்றை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 2014 இல் வெளியிட்டது.

நமக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நம் தோட்டக்காரர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மற்றது, நம் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றானது, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லையைத் தாண்டி நிற்கின்றது. தோட்டத்துக்கு இடும் பசளையும் மலக்குழிகளும் இதற்குக் காரணம் என்பர். மண்ணில் இட்ட பசளையில் மிஞ்சியது கிணற்றுக்கு இறங்குகின்றது. தொட்டியில் உண்டாகும் பசளையோ தொட்டிக்கும் பாத்திக்கும் இடையிலேயே சுற்றுகின்றது. ஆவியாகியும் இலைவழியாகவும் போகும் நீரை மட்டும் ஈடுசெய்தாற் போதும். அது நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான். ஆனால் தொட்டி கழுவும் நீரைக் கிணற்றடியில் ஊற்றுவீர்களாயின் இவ்வளவும் வீண். வாழையடியில் ஊற்றுங்கள்.

நிற்க. வேலையைத் தொடங்குமுன் கிணற்று நீரை வாயிலிட்டுப் பாருங்கள். உவர்ப்பிருந்தால் திலாப்பியா தாங்கும், கீரை தாங்காது. நமது நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீர். அதிற் காரத்தன்மை மிகுதி. மிகுந்தால் பயிர் இரும்பை எடுக்க முடியாமற் குருத்திலை மஞ்சளாகும். இந்நீருக்குள் மேலும் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டிப் பாத்தி அமைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கருங்கற் சல்லி வேண்டும். பருமன் கடலைக்கும் நெல்லிக்காய்க்கும் இடைப்பட்டது. ஐயமிருந்தால் ஒரு கல்லை எடுத்து வினாகிரியில் இடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. ஐப்பசி கார்த்திகையில் கூரையிலிருந்து விழும் மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்வது மிக நன்று.

இனிக் குழாய்க்கு வருவோம். நம் பாட்டன்மார் துலாவால் இறைத்த நீரை வாய்க்கால் வழியே பாத்திக்கு விட்டனர். ஒருமுறை மேலே ஏற்றினர். மற்ற வேலையைச் சரிவு பார்த்துக்கொண்டது. இங்கும் அதே முறைதான். மூன்று பாத்திரங்கள் வேண்டும். உயரத்தில் 1,000 லீற்றர் மீன்தொட்டி. அதன் வெளிவாயிலுக்குச் சற்றுத் தாழ்வாக, ஓரடி ஆழமுள்ள இரண்டு கற்பாத்திகள். எல்லாவற்றுக்கும் கீழே, 300 லீற்றர் கொள்ளும் ஒரு சேர்தொட்டி. நீர்ப்பம்பி சேர்தொட்டிக்குள் இருக்கவேண்டும். மீன்தொட்டிக்குள் இருக்கவே கூடாது. எங்கேனும் குழாய் கழன்று நீர் கொட்டினால், பம்பி தான் இருக்கும் தொட்டியைத்தான் வற்றச்செய்யும். சேர்தொட்டி வற்றினால் பம்பி கெடலாம். மீன்தொட்டி வற்றினால் விடியும்போது மீன் இல்லை.

ஒரு சதுர மீற்றர் கற்பாத்தி நீருடன் அரைத் தொன்னுக்கு மேல் நிறைகொள்ளும். மேசைக்கால் போதாது, சீமெந்துக் கல் அடுக்கி, இரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

அடுத்ததாகச் சொல்லப்போகும் இரண்டு துளைகளும் மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானவை. மீன்தொட்டியின் அழுக்கு அடியில் தங்கும். ஆகவே வெளியேறும் குழாயை உள்ளே அடிவரை இறக்கி, அடிநீரே மேலெழுந்து வெளியேறும்படி அமைப்பர். நல்ல ஏற்பாடு, ஆனால் அக்குழாய் முற்றாக நிறைந்தோடினால் தானே சைபனாகித் தொட்டியை அடிவரை உறிஞ்சிவிடும். அதன் உச்சி வளைவில் ஒரு துளையிட்டாலோ, மேல்நோக்கிய திறந்த குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினாலோ, காற்று நுழைந்து உறிஞ்சல் அறும். மற்றைய துளை, பம்பியிலிருந்து ஏறிவரும் குழாயில். அதன் வாயைச் சத்தமில்லாமல் இருக்கவென்று பலர் நீருக்குள் அமிழ்த்திவிடுவர். மின்சாரம் நின்றவுடன் அதே குழாய்வழி நீர் பின்னோக்கி இறங்கிச் சேர்தொட்டியில் நிறைந்து வழியும். வாயை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள்; அல்லது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு துளையிடுங்கள். நீர் விழும் சத்தம் தொல்லையன்று. அவ்வீழ்ச்சியில்தான் நீர் காற்றைச் சேர்த்துக்கொள்கின்றது.

ஏறும் குழாய் ஓரங்குலம் போதும். தன்பாட்டில் இறங்கும் குழாய் இரண்டு அங்குலமாவது வேண்டும். விட்டம் இருமடங்கானால் வழி நான்கு மடங்காகும், அழுக்கும் அடைபடாது. இறங்கும் குழாயில் ஒருபோதும் வால்வு வைக்காதீர்கள். யாரேனும் குழந்தை திருகிவிட்டால் மீன்தொட்டி நிறைந்து முற்றமெங்கும் வழியும். நீரின் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், பம்பியின் அருகே ஒரு கிளை பிரித்து, வால்வு பூட்டி, மிகுதியைச் சேர்தொட்டிக்கே திருப்புங்கள். கூர்முழங்கை மூட்டுகளைக் குறைத்துக் கொள்ளுங்கள். அழுத்தமுள்ள பக்கத்து மூட்டுகளை மட்டும் பசையால் ஒட்டுங்கள். வடியும் பக்கத்தை இறுகச் செருகிவிட்டாற் போதும், கழற்றிக் கழுவலாம். செம்பு, பித்தளை, நாகமுலாம் பூசிய இரும்பு ஆகியவற்றை இந்நீரில் சேர்க்கலாகாது. அவை மீனுக்கு ஆகா.

பம்பி வாங்கும்போது பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது நீரை உயர்த்தாமல் ஓடவிட்ட கணக்கு. நமக்கு மணிக்கு 1,000 லீற்றர் நாலடி உயரம் ஏறவேண்டும். ஏறக்குறைய இருமடங்கு எழுதியதை வாங்கினாலே அது கிடைக்கும்.

பாத்தி நிறைந்து வடிவதற்கு மணிச்சைபன் அமைப்பர். பாத்தியின் அடியைத் துளைத்து ஓரங்குலக் குழாயொன்றைக் கல்மட்டத்துக்கு இரண்டங்குலம் தாழ்வாக நிறுத்துக. அதன்மேல், மூடியிட்ட மூன்றங்குலக் குழாயைக் கவிழ்க்க. இதன் அடிவிளிம்பில் நீர் நுழையப் பற்கள் வெட்டியிருக்கவேண்டும். கல் புகாதபடி சுற்றிலும் துளையிட்ட நாலங்குலக் குழாய். நீர் உச்சியை எட்டியதும் உள்ளிருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு ஒரேயடியாக இறங்கும். அடியில் காற்று நுழைந்ததும் நிற்கும். வேருக்கு நீரும் காற்றும் மாறிமாறிக் கிடைக்கும். மேற்கல் உலர்ந்தே இருப்பதால் பாசியும் பிடிக்காது, நுளம்பும் முட்டையிடாது. வரும் நீர் குறைந்தால் சைபன் தொடங்காமற் சொட்டிக்கொண்டே இருக்கும். கூடினால் நிற்காமல் ஓடும். நான் சொன்ன கிளைவால்வை அரைத்திருகு கூட்டியும் குறைத்தும் பாருங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும், பொறுமையும் செலவாகும்.

மின்சாரத்துக்கு வருகின்றேன். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் கொள்ளும் ஒட்சிசன் ஏழரை மில்லிகிராம் அளவே. 1,000 லீற்றருக்கு ஏழரைக் கிராம்! மீன்கள் இதனைச் சில மணிநேரத்தில் அபாய எல்லைக்கு இறக்கிவிடும். நூல்கள் 1,000 லீற்றரில் 10 முதல் 20 கிலோ மீன் வரை அனுமதிக்கின்றன. நான் ஐந்து கிலோவோடு நிறுத்தச் சொல்வேன். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பியொன்றை வாங்கி வையுங்கள். மின்வெட்டு அறிவித்த நாளில் உணவிடாதீர்கள்; உண்ட மீனுக்கு ஒட்சிசன் அதிகம் வேண்டும்.

நம்மிற் பலர் மரக்கறி உணவினர். சைவ வீட்டில் மீன் வளர்ப்பதா என்று பெரியோர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகின்றது. கீரைக்கு வேண்டியது மீனின் கழிவு, மீனின் உயிரன்று. தங்கமீனோ கோயோ வளர்த்தாலும் வல்லாரையும் பொன்னாங்காணியும் நன்றாகவே வரும். உண்போர், 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களில் பெருகிய திலாப்பியாவை வளர்க்கலாம்.

எதுவாயினும் முதல் நாளே மீனை விடாதீர்கள். பற்றீரியா குடியேற நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அமோனியாவை மிகச் சிறிதாக இட்டு, சோதனைப் பெட்டியால் அளந்துவாருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாதொழிந்து நைத்திரேற்று மட்டும் காணும்வரை பொறுங்கள். அக்காலத்தில் ஒருநாள் இரவு படுக்கைக்குப் போகுமுன் மீன்தொட்டியின் நீர்மட்டத்தில் பென்சிலாற் கோடிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். காலையிற் சென்று பாருங்கள். நீர் கோட்டுக்கு ஓரங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த இரண்டு துளைகளில் ஒன்று இல்லை, அல்லது அடைபட்டுள்ளது, அல்லது எங்கோ ஒரு மூட்டு கசிகின்றது. அதைத் தேடிச் சரிசெய்து, மறுநாள் இரவும் நிறுத்திப் பாருங்கள். கோடு நின்ற இடத்திலேயே நீரும் நின்றால், மீன் வாங்கச் சந்தைக்குப் போகலாம்.